ஹேண்ட் பிரேக் மொத்தமும் துருவில் இறுகிவிட்டது, எங்கிருந்து கழற்ற ஆரம்பிப்பது? (1970 பீட்டில்)

கொட்டகைக்காரன்:
வணக்கம் நண்பர்களே. வண்டி 1970 ஃபோக்ஸ்வேகன் பீட்டில், பதினோரு வருடம் கொட்டகையில் நின்றது. கடைசியாக நிறுத்தியது என் அண்ணன் (கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்). ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது லீவர் தொளதொளவென்று கீழே இறங்குகிறது, ஆனால் பின் சக்கரம் இரண்டும் அசையவே இல்லை. நியூட்ரலில் போட்டு மூன்று பேர் தள்ளினோம், டயர் தரையில் கோடு போட்டதுதான் மிச்சம்.

இதுவரை செய்தது: லீவர் அடியில் இருக்கும் கேபிள் நட்டு இரண்டையும் கழற்றப் பார்த்தேன், ஒன்றின் முனை மழுங்கிவிட்டது. லீவர் சுழலும் அந்தக் குறுக்குப் பின்னைத் தட்டிப் பார்த்தேன், அது நகரவில்லை, அதைத் தாங்கும் காதுதான் லேசாக வளைந்தது. அதோடு பயந்து நிறுத்திவிட்டேன். கேபிள், ஷூ (சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் துண்டு) எல்லாம் புதிதாகப் போடத் தயார். லீவரும் அதன் பல் அமைப்பும் மட்டும் அசலாகவே இருக்க வேண்டும். எனக்குத்தான் மரை கழன்று போகிறது, நட்டு கழலவில்லை.

சுத்தியல்சாமி:
அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்று சும்மாவா சொன்னார்கள், அதிலும் உங்கள் அண்ணன் விஷயத்தில்! ரெண்டு கிலோ சுத்தியலை எடுத்து டிரம் விளிம்பில் சுற்றிச் சுற்றி நாலு போடுங்கள், விட்டுவிடும். லீவர் பின்னுக்கு கேஸ் டார்ச் பிடித்துச் சிவக்கும்வரை சூடு காட்டுங்கள், தானாக விழும். பத்து நிமிட வேலை.

மெதுவண்டி:
கொட்டகைக்காரரே, டார்ச்சைக் கையில் எடுத்திருந்தால் முதலில் அணைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் படிக்கலாம்.

பீட்டிலில் லீவர் உட்கார்ந்திருப்பது நடு டனல் (தரையின் நடுவில் நீளமாக ஓடும் மேடு) மேலே. அந்த டனலுக்குள் கேபிள்களோடு சேர்ந்து முன்னால் இருக்கும் டாங்க்கிலிருந்து பின்னால் இருக்கும் எஞ்சினுக்குப் போகிற பெட்ரோல் குழாயும் ஓடுகிறது. பதினோரு வருடம் நின்ற வண்டியில் அந்தக் குழாய் எந்த நிலையில் இருக்கிறதோ, டனலுக்குள் எவ்வளவு ஆவி தங்கியிருக்கிறதோ, யார் கண்டது? பின் சீட்டுக்கு அடியில் பேட்டரி வேறு. அதனால் லீவர் பக்கம் தீயும் கூடாது, கிரைண்டரும் கூடாது. மழுங்கிய நட்டை அறுக்க வேண்டுமென்றால் ரம்பப் பிளேடை ஒரு துணியில் சுற்றிக் கையால் அறுங்கள். பேட்டரி இருந்தால் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது, சுத்தியலைத் தொடும் முன்னால் ஒரு காகிதத்தில் எழுதுங்கள், எது போனால் பரவாயில்லை, எது போகக் கூடாது என்று. நீங்களே பாதி சொல்லிவிட்டீர்கள். கேபிள், ஷூ, ஸ்பிரிங், ஷூவைப் பிடிக்கும் ஆணிப் பின், நட்டு எல்லாம் பலி கொடுக்கலாம். லீவர், அதன் பல் துண்டு, டனலோடு வெல்டு செய்த காது, டனலுக்குள் இருக்கும் கேபிள் குழாய், பின் தட்டு (டிரம்முக்குப் பின்னால் ஷூவைத் தாங்கும் தட்டு), ஆக்சில் மரை இதெல்லாம் போகக் கூடாது. ஒவ்வொரு முறை ஏதாவது இறுகி நிற்கும்போதும் அந்தக் காகிதத்தைப் பாருங்கள். நீங்கள் அடித்தது காதில், வளைந்ததும் காது. பலி கொடுக்க வேண்டிய கேபிளோ இன்னும் லீவரோடு மாட்டிக்கொண்டு சும்மா இருந்தது. முதலில் கேபிளை விடுவியுங்கள், லீவர் பின்னை அப்புறம் பார்க்கலாம்.

இன்னொன்று, இதை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். பின் டிரம் ஆக்சில் பல்வரிசை மேல் உட்கார்ந்து நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறது, 36 மி.மீ. அதை இறுக்குகிற அளவு 294 நியூட்டன் மீட்டர், அதாவது ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் 30 கிலோ தொங்குவது மாதிரி. துருப்பிடித்ததைக் கழற்ற அதைவிடக் கூடவே வேண்டும். பிரேக் இறுகி நிற்பது இந்த ஒரு வேலைக்கு மட்டும் வரம், சக்கரம் சுழலாது. அதனால் பிரேக்கை விடுவிக்கும் முன்னாலேயே, வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போதே, இரண்டு பக்கமும் அந்த நட்டை அசைத்துவிடுங்கள். நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருக்கும் காட்டர் பின்னை மறக்காமல் உருவிவிட்டு. ஜாக்கில் தூக்கி வைத்து அந்த நட்டோடு மல்லுக்கட்டவே கூடாது, வண்டி உங்கள் மேல் வந்துவிடும்.

சுத்தியல்சாமி:
டனல் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். என் வண்டியில் பெட்ரோல் குழாய் வெளியே ஓடுகிறது, பீட்டில் என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். அந்தப் பதிவை அழிக்கவில்லை, என்னை மாதிரி யாராவது படித்துவிட்டு உங்கள் பதிலையும் படிக்கட்டும். ஆனால் டிரம்மைத் தட்டுவதில் தப்பில்லை என்றுதான் இன்னும் சொல்வேன்.

மெதுவண்டி:
தட்டலாம், அடிக்கக் கூடாது. டிரம் வார்ப்பு இரும்பு, விளிம்பில் ஓங்கி அடித்தால் ஓரம் தெறிக்கும். மரக்கட்டை வைத்து முகத்தில் சுற்றிலும் தட்டினால் அந்த அதிர்வுக்கே லைனிங் (ஷூ மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) ஒட்டு விடும். ஷூ டிரம்மோடு ஒட்டியிருப்பது வெறும் மேல்துருவால்தான்.

எண்ணெய்க்கை:
எண்ணெய் பற்றி யாரும் பேசாததால் நான். ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் விட வேண்டும், நின்றால் பிரிந்துவிடும். விட்டவுடனே ஸ்பேனர் போடுகிறவர்களுக்கு எந்த எண்ணெயும் வேலை செய்யாது. துரு என்பது இரும்பு இருந்த இடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடித்துக்கொள்கிற சாமான், அதனால்தான் பின் துளைக்குள் ஆப்பு வைத்தமாதிரி இறுகுகிறது. அந்த இடுக்கில் எண்ணெய் ஊர்ந்து போக நேரம் கொடுங்கள். காலையில் ஒரு சொட்டு, சின்னச் சுத்தியலால் பத்துத் தட்டு, சாயங்காலம் மறுபடி. மூன்று நாள். ஊறுகாய் போடுகிற பொறுமை வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பெயின்ட்டையும் தின்னும். டிரம் பக்கம் எண்ணெய் அடிக்கும்போது வீல் சிலிண்டர் (கால் பிரேக்கை மிதித்தால் ஷூவைத் தள்ளும் உருளை) ரப்பரில் பட்டால் ரப்பர் ஊதிவிடும், லைனிங்கில் பட்டால் அந்த ஷூ போயிற்று. ஷூ மாற்றப் போகிறேன் என்றால் சரி, சிலிண்டர் ரப்பரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மினிக்காரி:
எனக்கு இருப்பது பழைய மினி கார். அதில் கேபிள், பின் சக்கரத்தைத் தாங்கும் கை ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விசிறி மாதிரித் துண்டைச் சுற்றி வளைந்து போகும். அது சுழலவேண்டிய துண்டு. கிரீஸ் காணாமல் இறுகிவிட்டால் சுழலாது, கேபிள் அதன் மேலேயே உரசி ரம்பம் மாதிரி அறுத்துப் பள்ளம் போட்டுவிடும். லீவர் இழுக்கக் கனமாக இருக்கிறது, கேபிள்தான் கெட்டிருக்கும் என்று நான் இரண்டு கேபிள் மாற்றினேன். கேபிள் மேல் பழி, குற்றவாளி விசிறி.

கழற்றும்போது நான் கற்றது, அடிப்பதைவிட அழுத்துவது மேல். பின்னின் ஒரு பக்கம் அதைவிடச் சற்றுச் சின்ன போல்ட், மறு பக்கம் பின் நுழையும் அளவு பெரிய சாக்கெட், இரண்டையும் ஒரு ஜி-கிளாம்பில் பிடித்து இறுக்கினேன். இறுக்கத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். ராத்திரி எப்போதோ "டக்" என்று சத்தம், காலையில் பின் பாதி வெளியே. உங்கள் லீவர் பின்னுக்கும் அதைச் செய்து பாருங்கள், காது இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், வளையாது.

கொட்டகைக்காரன்:
இரண்டாம் வாரம். காகிதம் எழுதி கண்ணாடியில் ஒட்டினேன், சிரிக்காதீர்கள்.

பெரிய நட்டு: இடது பக்கம் ஒன்றரை மீட்டர் குழாயில் தொங்கினேன், "க்ரீச்" என்று வந்தது. வலது பக்கம் வரவில்லை. குழாய் மேல் ஏறி நின்றேன், சாக்கெட் கைப்பிடி வளைந்தது. மூன்று நாள் எண்ணெய்க்கை அவர்களின் ஊறுகாய் முறை, நாலாவது நாள் வேறு கைப்பிடி, வந்துவிட்டது. கழற்றிய நட்டின் மரையில் ஈரம் கடைசிச் சுற்றுவரை போயிருந்தது. அவசரப்பட்டிருந்தால் ஆக்சில் மரையைக் கெடுத்திருப்பேன்.

கேபிள்: மழுங்கிய நட்டைப் பிளேடால் நாற்பது நிமிடம் அறுத்தேன். மற்றது, கேபிள் நுனியில் இருக்கும் வெட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நுனி சுழலாமல் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பினால் தானாக வந்தது. இதை முதலிலேயே தெரிந்து வைத்திருந்தால் முதல் நட்டும் மழுங்கியிருக்காது. நுனி கூடவே சுழன்றதால்தான் ஸ்பேனர் வழுக்கியது.

இப்போது கேள்வி. கேபிள் இரண்டும் தளர்ந்துவிட்டது. டிரம் இன்னும் வரவில்லை. டிரம்மை இழுத்தெடுக்கும் புல்லர் இரவல் வாங்கியிருக்கிறேன்.

மெதுவண்டி:
புல்லர் போடும் முன் நட்டை ஆக்சில் நுனியோடு சமமாக வரும்படி திருப்பி வையுங்கள், அப்போதுதான் புல்லர் திருகு மரையை நசுக்காது. பிறகு மெதுவாக இறுக்கி, நிறுத்தி, திருகின் தலையில் ஒரு தட்டு, மறுபடி கொஞ்சம் இறுக்கு.

டிரம் நகர்வதைக் கவனியுங்கள். மயிரளவும் நகரவில்லை என்றால் பிடித்திருப்பது ஆக்சில் பல்வரிசை. நாலைந்து மில்லி மீட்டர் வந்து மெத்தென்று நின்றால் பிடித்திருப்பது ஷூ, டிரம்முக்குள் தேய்ந்த பள்ளத்தில் ஷூ மாட்டியிருக்கிறது. முதல் வகைக்கு இழுப்பு வேண்டும். இரண்டாம் வகைக்கு இழுக்க இழுக்க ஏதாவது உடையும், ஷூவைச் சுருக்கத்தான் வேண்டும். பின் தட்டில் ரப்பர் அடைப்பு போட்ட ஓட்டைகள் இருக்கும், உள்ளே ஷூவை விரிக்கவும் சுருக்கவும் பல் சக்கரம், ஒரு வண்டிச் சக்கரத்துக்கு இரண்டு. ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுழற்ற வேண்டும்.

கொட்டகைக்காரன்:
இடது டிரம்: முதல் வகை. இறுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன், துப்பாக்கி வெடித்த மாதிரி "டங்", ஓடி வந்து பார்த்தால் டிரம் ஒரு விரற்கடை வெளியே வந்திருந்தது. வீட்டில் எல்லோரும் வந்து நின்றார்கள்.

வலது டிரம்: இரண்டாம் வகை. பல் சக்கரம் இரண்டும் இறுகிவிட்டன, ஒன்றின் மூன்று பல் உடைந்து ஸ்க்ரூ டிரைவரோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

மெதுவண்டி:
இப்போது காகிதத்தைப் பாருங்கள்.

கொட்டகைக்காரன்:
ஆணிப் பின் என்று எழுதியிருக்கிறது.

மெதுவண்டி:
அதேதான். ஷூ ஒவ்வொன்றையும் பின் தட்டோடு பிடித்திருப்பது ஒரு ஆணி மாதிரிப் பின், அதன் தலை தட்டின் பின்புறம் வெளியே தெரியும். இரண்டு தலையையும் அரத்தாலோ உளியாலோ எடுத்துவிட்டால் ஷூவுக்குத் தட்டோடு பிடிப்பு இல்லை, டிரம்மோடு சேர்ந்து ஷூவும் வெளியே வந்துவிடும். ஸ்பிரிங் ஒன்றிரண்டு நீளும், அதுவும் பலிப் பட்டியலில் இருப்பதுதான். கேபிள் அந்தப் பக்கம் இழுத்துப் பிடித்தால் அதையும் பின் தட்டுக்கு வெளியே வெட்டிவிடுங்கள்.

டிரம் வந்ததும் உள்ளே கறுப்புத் தூள் இருக்கும். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். காற்றடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். நல்ல முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியில் துடைத்து, பையில் கட்டிவிடுங்கள்.

புதுமரை:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் கழுவினால் போதாதா? அதன் பிறகு இறுகிய பல் சக்கரத்துக்கு டார்ச் காட்டலாமே, அங்கே டனல் இல்லையே.

எண்ணெய்க்கை:
நல்ல கேள்வி, ஆபத்தான கேள்வியும்கூட. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் தீ காட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும், கொஞ்சம் போதும் நுரையீரலைக் கெடுக்க. குளோரின் இல்லாத வகையோ நேரடியாகத் தீப்பிடிக்கும். ஆகவே ஸ்ப்ரே அடித்த இடத்தில் டார்ச் கிடையாது.

சூடு காட்டியே தீர வேண்டுமென்றால் பின் தட்டை மொத்தமாகக் கழற்றி, வீல் சிலிண்டரை எடுத்துவிட்டு, சுத்தமாகத் துடைத்து, வைஸில் பிடித்துச் செய்யுங்கள். சிவக்க வேண்டாம். 10 மி.மீ. துளையை 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அது விரிவது 0.036 மி.மீ. தான், தலைமுடியின் பாதித் தடிமன். ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். சூட்டோடு சூடாக ஒரு மெழுகுவர்த்தியை இடுக்கில் வைத்துத் தேயுங்கள், மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொண்டு போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு எண்ணெய் கைவிட்ட இடத்தில் மெழுகு கைகொடுத்திருக்கிறது.

டீசல்மணம்:
மெர்சிடிஸ் டபிள்யூ123 வைத்திருப்பவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால்: நம்முடையது வேறு கதை. பின்னால் டிஸ்க், அதன் நடுவில் குட்டி டிரம், ஹேண்ட் பிரேக் ஷூ அதற்குள். டிஸ்க் வரவில்லை என்றால் முக்கால்வாசி இந்தக் குட்டி ஷூதான் காரணம். ஒரு வீல் போல்ட் ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவர் விட்டு உள்ளே இருக்கும் பல் சக்கரத்தைத் தளர்த்திவிட்டு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றுங்கள். கேபிள் நுனி ஷூவை விரிக்கும் துண்டில் ஒரு சின்னப் பின்னால் மாட்டியிருக்கும், இறுகுவது அந்தப் பின்தான். நான் அதைத் துளையிட்டுத்தான் எடுத்தேன்.

கொட்டகைக்காரன்:
ஐந்தாம் வாரம். வலது டிரம் ஷூவோடு பிரசவமாகிவிட்டது. ஆணித் தலையை அரத்தால் எடுத்தது இருபது நிமிடம், அதற்கு முன்னால் பல் சக்கரத்தோடு போராடியது இரண்டு நாள்.

கேபிள்: ஷூ பக்கம் கொக்கியை விடுவித்து, பின் தட்டில் உறையைப் பிடிக்கும் போல்ட்டை எடுத்து, பின்னாலிருந்து உருவினேன். இடது பக்கம் துருத் தூளைக் கொட்டிக்கொண்டே வந்துவிட்டது. வலது பக்கம் ஒரு முழம் வந்து நின்றது. முன்னால் போய்ப் பார்த்தால் நட்டு அறுத்ததில் மரை நுனியில் பிசிறு, கொஞ்சம் வளைவு வேறு, அது குழாய் வாயில் மாட்டியிருக்கிறது. இழுத்திருந்தால் குழாயே கழன்றிருக்கும். மறுபடி முன்னால் தள்ளி, பிசிறைத் தேய்த்து, நேராக்கி, குழாய்க்குள் எண்ணெய் விட்டு வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டு மேல் நிறுத்தி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் ஒருவர் பின்னால் முறுக்கிக்கொண்டே இழுக்க நான் முன்னால் தள்ள, வந்தது.

லீவர் பின்: மினிக்காரி அவர்களுக்கு ஒரு கும்பிடு. பின் நழுவாமல் பிடிக்கும் சர்க்கிளிப் வளையத்தை எடுத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, தினம் கால் சுற்று. மூன்றாம் நாள் வந்தது. காது வளைவும் அதே கிளாம்பிலேயே நேராகிவிட்டது.

இனிதான் சோகம். லீவர் கையில் வந்த சந்தோஷத்தில் நுனியில் இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன். பல் துண்டு நழுவி எங்கோ விழுந்தது. இரண்டு மணி நேரம் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தேடினேன், சீட் தண்டவாளத்துக்கு அடியில் இருந்தது.

மெதுவண்டி:
அடடா, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். லீவர் வெளியே இருக்கும்போது பொத்தானைத் தொடக் கூடாது. மாட்டும்போதும் அப்படியே.

பல் துண்டைச் சாதா வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, காய வைத்து எண்ணெய் தடவுங்கள். ஸ்பிரிங்கை மட்டும் வினிகரில் போடாதீர்கள், முறுக்கேறிய எஃகு அமிலத்தில் ஊறினால் பிறகு சட்டென்று ஒடியும்.

சுத்தியல்சாமி:
ஐந்து வாரம்! நான் சொன்னது பத்து நிமிடம்.

கொட்டகைக்காரன்:
உங்கள் பத்து நிமிடத்தில் கொட்டகையும் சேர்ந்து போயிருக்கும் சாமி.

மாட்டி முடித்தேன். முதலில் பல் சக்கரத்தில் ஷூவைச் சரிசெய்து, பிறகுதான் கேபிள் நட்டு. லீவரை இரண்டு பல் தூக்கினால் சக்கரம் கையால் கஷ்டப்பட்டுச் சுற்ற வேண்டும், நான்காம் பல்லில் அசையக் கூடாது, அப்படித்தான் வைத்திருக்கிறேன். பெரிய நட்டை 294க்கு இறுக்கினேன், காட்டர் பின் ஓட்டை நேராக வரவில்லை, தளர்த்தாமல் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கினேன். புதுக் கேபிளை உள்ளே விடும்போது நுனியிலிருந்து முழுக்கக் கிரீஸ் பூசினேன், சட்டை போயிற்று.

வண்டி இப்போது கியரில், சக்கரத்துக்கு இரண்டு கட்டை வைத்து நிற்கிறது, லீவர் கீழே. நேற்று அண்ணன் வந்து உட்கார்ந்து பார்த்தார், இறங்கும்போது பழக்கதோஷத்தில் லீவரை முழுசாக இழுத்துவிட்டுப் போய்விட்டார். போய் இறக்கிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.